ஐந்து அறைக்கு ஒரு தபால் பெட்டி

எங்கள் வீட்டுத் தபால் பெட்டியின் சாவி என் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. வீடு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய இடம் அது. பலகை வைத்து ஐந்தாகத் தடுத்து ஐந்து குடித்தனம் வைத்திருக்கிறார்கள். கீழே வாசலில் உள்ள தபால் பெட்டி மட்டும் ஒன்றுதான். தபால்காரரைப் பொறுத்தவரை நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்.

நான் யூக்-லான். எல்லாரும் லான் அக்கா என்பார்கள். வாசலை ஒட்டிய ஒன்றாம் நம்பர் அறையில் பத்து வருடமாக இருக்கிறேன். மற்ற நாலு அறையிலும் வாடகை வாங்கி, ரசீது எழுதி, வந்த கடிதத்தைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்காக வீட்டுக்காரி ஃபுங் அம்மா என் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள். அந்தக் கொஞ்சத்துக்காக எனக்கு இருந்த மிதப்பைப் பார்த்தால் கட்டடமே என்னுடையது என்று நினைப்பீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது யிம் போ-சூவைப் பற்றி. அவள் கதையைச் சொல்லப்போனால் நான் நடுவில் வந்து நிற்பேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

போ-சூ மூன்றாம் நம்பர் அறைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது, இடுப்பில் நாலு வயதுப் பெண் ஹோய்-சிங். சீனாவில், கைபிங் பக்கத்து ஊரில் பிறந்தவள். லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு ஹாங்காங் வந்தாள். அவன் லாரியோடு எல்லை தாண்டிப் போய், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "வண்டிய திருப்புற எடம் தெரியல போல, அக்கா" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நூடுல்ஸ் கடை ஒன்றில் வொன்டன் மடிப்பது அவள் வேலை. மெல்லிய மாவுத்தாளில் இறாலை வைத்து ஒரே அமுக்கில் மூடிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை தலை நிமிராது. யாரிடமும் ஒரு ஸ்பூன் உப்புகூடக் கடன் கேட்க மாட்டாள். செருப்பைப் பையில் போட்டுக் கதவாணியில் மாட்டுவாள், அடுத்தவர் காலில் இடறக்கூடாதாம். நாங்கள் பொதுநடையில் செருப்பை இறைத்துப் போடுகிறவர்கள். அந்தப் பையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் படிக்கட்டில் போய் நிற்பாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, ஏழரை வரை, சுவரில் சாய்ந்தபடி. புகை பிடிக்கிறாளோ, யாரையாவது எதிர்பார்க்கிறாளோ என்று நான் மனதுக்குள் ஒரு கதையே கட்டி முடித்திருந்தேன். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"யாருக்காக இங்க வந்து நிக்கிற?"

"மேசைக்காக, அக்கா."

"என்ன மேசை?"

"மடக்கு மேசை. விரிச்சா எனக்கு நிக்க எடமில்ல. மடக்கினா ஹோய்-சிங்குக்கு எழுத எடமில்ல. அவ எழுதி முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கால் மாற்றி நின்றாள். பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் நிற்பது இடுப்புக்கு நல்லது என்றும் சொன்னாள். ஏழு வருடம் அப்படி நின்றாள். அவள் சாய்ந்த இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

எங்கள் பேச்சில் 'மேலே ஏறுவது' என்றால் ஒரே அர்த்தம்தான். குறைந்த வாடகைக்கு அரசாங்க அடுக்குமாடியில் வீடு கிடைப்பது. விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு வருடம் என்பதெல்லாம் சாதாரணம். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட "ஏறியாச்சா?" என்றுதான் நலம் விசாரிப்போம். போ-சூ வந்த மறு வருடமே தன் பெயரையும் மகள் பெயரையும் போட்டு விண்ணப்பித்திருந்தாள்.

நாலாம் நம்பர் கோ அண்ணன் ஓய்வுபெற்ற காவலாளி. அவளைக் கண்டால் விட மாட்டார்.

"என்ன போ-சூ, எப்ப மேல ஏறப்போற?"

"வரிசை நகரணுமே, அண்ணே."

"சீக்கிரம் ஏறு. நீ ஏறுறதுக்குள்ள நான் மேல போய்ச் சேந்துருவேன்."

"போறப்ப சாவிய லான் அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க."

நானும் வரிசையில்தான் இருந்தேன். ஆனால் எனக்குக் குடும்பம் இல்லை. அறுபது வயதாகாத தனியாளுக்கு வேறு வரிசை, அது நத்தை வரிசை. எனக்கு அப்போது ஐம்பத்தாறு. எனக்குப் பிறகு வந்து, எனக்குப் பிறகு விண்ணப்பித்தவள் எனக்கு முன்னால் ஏறப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு மகள் இருந்தாள், எனக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த நினைப்பு மனதில் ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருந்தது.

முகக்கவசம் போட்டுக்கொண்டு அலைந்தோமே, அந்தக் காலத்தில் அரசாங்கம் புதிதாக ஓர் உதவி அறிவித்தது. மூன்று வருடத்துக்கு மேல் வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு, வீடு கிடைக்கும் வரை வாடகைக்கென்று மாதாமாதம் ஒரு தொகை. என்னைப் போன்ற தனியாள்களுக்குக் கிடையாது. போ-சூ என் அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு வாடகை ரசீது வேணும். இங்கதான் குடியிருக்கேன்னு காட்டணுமாம்."

"எதுக்கு?"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். "கடையில வாரத்துக்கு ரெண்டு நாள் வேலய கொறச்சுட்டாங்க. இது வந்தா சமாளிச்சிருவேன். ஃபுங் அம்மா காதுல மட்டும் விழ வேணாம், அக்கா."

"என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றேன். கோபம்கூடப் பட்டுக்கொண்டேன்.

பணம் வந்தது. ஹோய்-சிங் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அதுவரை பழைய கண்ணாடியின் காதுப்பிடியில் டேப் சுற்றியிருந்தது.

நிலாப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் ஃபுங் அம்மா வந்தாள். கையில் நிலா கேக் டப்பா ஒன்று. தாமரை விதைப் பூரணம், இரட்டை மஞ்சள் கரு, சிவப்புத் தகரத்தில் தங்க நிறச் சித்திரம். எனக்கு அப்படி ஒரு முழு டப்பாவை யாரும் கொடுத்ததில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து என் டீயைக் குடித்தாள்.

"நீ இல்லன்னா இந்த வீடே ஓடாது, லான்."

"என்னம்மா நீங்க."

"நெசமாத்தான். ஆமா, மூணாம் நம்பர் பொண்ணு புதுக் கண்ணாடி போட்டிருக்கே. கைல காசு பொரளுதோ?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டீ ஆறுகிறது என்று சொல்லியிருக்கலாம்.

"அவளுக்கென்ன குறை? மேல ஏறுற வரைக்கும் அரசாங்கமே வாடகைக்குக் காசு குடுக்குது. நமக்கு யாரு குடுக்குறா?"

"அப்படியா" என்றாள் ஃபுங் அம்மா. டீயைக் குடித்து முடித்துக் கிளம்பினாள்.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறவெல்லாம் இல்லை. சொல்லும்போது எனக்கு இனித்தது. கேக்கைவிட அதிகம் இனித்தது. இதை எழுதும்போது என் காது மடல் சுடுகிறது.

பத்து நாளில் ஃபுங் அம்மா போனில் கூப்பிட்டாள். மூன்றாம் நம்பருக்கு மட்டும் வாடகை ஏறுகிறது, ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இஷ்டமில்லாவிட்டால் காலி செய்யட்டும். ஏறிய தொகை அரசாங்கம் கொடுத்த தொகைதான், ஒரு டாலர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டிய ஆள் யார்? நான்தான்.

படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். போ-சூ தொகையைக் கேட்டாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மூக்குக்குக் கீழே எல்லாம் முகக்கவசத்துக்குள் இருந்தது, நல்லவேளை என்று நினைத்தேன்.

"சரி, அக்கா" என்றாள்.

மாதக் கடைசியில் மூன்று பைகளோடு கிளம்பினாள். டோ குவா வான் பகுதியில், கூட வேலை செய்யும் ஒருத்தியோடு தங்கப்போவதாகச் சொன்னாள். அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, கதவாணியைக்கூடப் பிடுங்கி ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தாள். என் கையில் ஒரு காகிதத்தில் போன் நம்பரைக் கொடுத்தாள்.

"வீட்டு இலாகாவுலேருந்து கடிதம் இங்கதான் வரும். வந்தா ஒரு போன் பண்ணுங்க, அக்கா. கடையில நேர்லயும் குடுக்கலாம்."

இவளுக்குத் தெரியவில்லை, இன்னும் என்னை நம்புகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு நிம்மதிதான் வந்தது.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. பழுப்பு உறை, முகவரி தெரியும் கண்ணாடிச் சன்னல், மூலையில் அரசு முத்திரை. எங்கள் தெருவில் அந்த உறையைத் தொட்டுப் பார்த்தாலே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார்கள். நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். அது முடிந்தால் வீடு. ஆறு வருட வரிசையின் கடைசிப் படி அது.

போன் செய்ய வேண்டியதுதானே? செய்தால் அவள் "நன்றி, அக்கா" என்பாள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கடைக்குப் போனால் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று உறையை நிலா கேக் டப்பாவுக்குள் வைத்தேன். கேக் எப்போதோ தீர்ந்திருந்தது. தகரம் நன்றாக இருக்கிறதே என்று பொத்தானும் ஊசியும் போட்டு வைத்திருந்தேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். நாலு நாள் தள்ளிப்போட்ட பிறகு, இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்பாளே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு வெட்கத்தை மறைக்கப் போய் இன்னொன்றை வளர்த்தேன். டப்பா கட்டிலுக்கடியில் இருந்தது. நான் அதன் மேல்தான் படுத்துத் தூங்கினேன்.

ஜனவரியில் இரண்டாவது உறை வந்தது. அதையும் டப்பாவில் போட்டேன். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள் பொத்தான் எடுக்கத் திறந்தபோது இரண்டு உறையும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு. பிரித்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை, பத்தாம் தேதி மாலைக்குள் நேரில் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து என்று எழுதியிருந்தது. அன்றைக்கு ஒன்பதாம் தேதி, மணி மாலை ஆறரை. அலுவலகம் மூடியிருக்கும். மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன்.

போ-சூ மாவுக் கையோடு வெளியே வந்து கடிதத்தை வாங்கினாள். இரண்டையும் படித்தாள். முதல் கடிதத்தின் தேதியை இரண்டு தடவை பார்த்தாள். உள்ளே போய் மாவுப் பலகைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, விவாகரத்துக் காகிதம் எல்லாம் அதில் இருந்தன. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போக வேண்டுமே என்று ஆறு வருடமாகக் கூடவே சுமந்திருக்கிறாள்.

"மத்தியானக் கூட்டத்துக்கு யாரு மடிப்பா?" என்று முதலாளி முனகினார்.

"சம்பளத்துல புடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அலுவலகத்தில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள். சின்னப் பெண்தான், ஆனால் குரலில் ஈரப்பசை இல்லை.

"முதல் கடிதத்துக்கு ஏன் வரல?"

"கைக்கு வந்து சேரல, மேடம். வீடு மாறிட்டேன். தப்பு என் பேர்லதான்."

"முகவரிய ஏன் மாத்தல?"

போ-சூ தன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினாள். அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளைத் தடுப்புக்கடியில் தள்ளினாள். "பழைய முகவரியில கடிதத்த வாங்கினது யாரு? அவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். காரணம் சரியா இருந்தா மேலதிகாரி ஏத்துப்பாங்க."

"இல்லன்னா?"

"கோப்ப மூடிருவாங்க. நீங்க புதுசா விண்ணப்பிக்கலாம்."

புதுசா என்றால் இன்னும் ஆறு வருடம். ஹோய்-சிங்குக்குப் பதினேழு ஆகிவிடும்.

தாளோடு ஓரத்துக்கு வந்தோம். போ-சூ என் காதருகே சொன்னாள். "பெட்டிப் பூட்டு ஒடஞ்சிருந்துச்சுன்னு எழுதுங்க, அக்கா. அது போதும்."

பூட்டு உடையவில்லை. ஆளனுப்பிப் பார்த்தால் தெரிந்துபோகும், பொய் என்று தெரிந்தால் கோப்பு அன்றோடு சரி. இதெல்லாம் யோசித்துத்தான் உண்மையை எழுதினேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில், பேனாவைப் பிடித்ததும் எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. 'கடிதம் நவம்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கடிதத்தை எடுத்து என் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிவிக்கவில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' கீழே பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டேன்.

அந்தப் பெண் படித்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் என்னிடம் வந்து நின்றன.

"வேணும்னேவா வெச்சிருந்தீங்க?"

"ஆமா."

"ஏன்?"

பின்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அவங்க முகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு" என்றேன். அவள் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். தாளை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, நேர்காணலுக்கு இரண்டாம் கவுன்டருக்குப் போகச் சொன்னாள்.

அடுத்த கோடையில் போ-சூ மேலே ஏறினாள். தின் ஷுய் வாய் பக்கம், இருபத்தேழாம் மாடி. கோ அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், மேசையை மடக்குவதே இல்லையாம். என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் போகவில்லை.

அலுவலகத்துக்குப் போன அன்றைக்கு, வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவள் கடைக்குத் திரும்ப வேண்டும், என் பேருந்து எதிர்ப்பக்கம். ஆனாலும் நான் நகரவில்லை. கடிதத்தைப் பற்றித்தான் எழுதிக் கொடுத்தேன், மற்றது பாக்கி இருந்தது.

"போ-சூ, அந்த வாடக விஷயம்..."

"தெரியும், அக்கா."

"என்ன தெரியும்?"

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன். பெத்த பொண்ணுக்கே சொல்லல." நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

"படிக்கட்டுல நான் சொன்னப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கடிதத்த எங்கிட்ட விட்டுட்டுப் போன?"

அவளுடைய பேருந்து வந்து கதவு திறந்தது. அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் ஏறினாள்.

"டோ குவா வான்ல நாங்க இருக்கிறதே அந்த வீட்டுக்காரனுக்குத் தெரியாது" என்றாள். "வேற பெட்டி எங்க இருக்கு, அக்கா?"